கோயிலடி வளைவு

சுவிஸ்காரர்களுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. இது உருத்திரமூர்த்தியின் முடிந்த முடிவு. லுசேர்ணுக்கு வந்த இரண்டாம் கிழமையே அவர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். அதற்குள் அவர் இங்கே ஓட்டியது என்று ஒன்றுமில்லை. நகர பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில தரம் போய்வந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை இகழ வேண்டுமென்றால் அதைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

"உதென்ன றோட்டு? பள்ளமில்லை, படுத்துக்கிடக்கிற மாடில்லை, லைற் இல்லாத ட்ராக்டர் இல்லை. ஒரு வாழைக்குத்தியைத் தூக்கி சீற்றில வைச்சாலும் வாகனம் தன்ரபாட்டில போய்ச் சேரும். அதுக்குள்ள பெல்ற் வேற கட்டுறாங்கள், விழுந்திடுவினமாம்!"

ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் கூரைக்குக் கீழே, சாய்வான மரப்பலகைகளில் தலை இடிபடும் ஓர் அறையில் இருந்து அவர் இதைச் சொல்லுவார். குசினியில் வேலை செய்யும் நம்மவர்கள் எல்லாருக்கும் அதுதான் இருப்பிடம். எண்பத்தாறாம் ஆண்டு. எல்லாரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவு வரும்வரை கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். மாலையில் கட்டிலில் சாய்ந்து கிடப்பவர்களுக்கு உருத்திரமூர்த்தியின் கதையை விட்டால் வேறு பொழுதுபோக்குக் கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

ஊரில் அவர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே வெங்காய லொறி ஓட்டியவர். அதில் பொய்யில்லை. பொய் எங்கே தொடங்குகிறது என்றால் முறிகண்டியில். வன்னிக் காட்டின் நடுவே, றோட்டோரம், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். தெற்கே போனாலும் வடக்கே போனாலும் அந்த இடத்தில் நிற்காமல் எந்த வாகனமும் போவதில்லை. பஸ்காரன் நிற்பான், லொறிக்காரன் நிற்பான், கல்யாணக் கார் நிற்கும், சிங்களச் சாரதிகளும் நிற்பார்கள். இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தலையில் குட்டிக் கும்பிட்டு, ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறுவார்கள். உருத்திரமூர்த்தி மட்டும் நின்றதே இல்லையாம்.

"பிள்ளையாருக்கு நான் ஹோர்ன்கூட அடிச்சதில்லை. அறுபதில வந்தால் அறுபதிலதான் போவன். கிளீனர்ப் பெடியன் பின்னால இருந்து அழுவான், அண்ணை நிப்பாட்டுங்கோ எண்டு. நான் கியரைக்கூட மாத்தமாட்டன். சாமியை நம்பி ஸ்ரியறிங் பிடிக்கிறவன் எல்லாம் ட்றைவரோ? கோழையள்!"

இந்த இடத்தில் அறை முழுவதும் சிரிக்கும். அலோசியஸ் மட்டும் சிரிக்கமாட்டான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன். குசினியில் உருத்திரமூர்த்திக்கு அடுத்த தொட்டியில் நின்று பானை தேய்ப்பவன். உருளைக்கிழங்கு சீவும் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு.

"மெசினுக்கு முன்னால ஏன்ரா சிலுவை? கிழங்கு மோட்சத்துக்குப் போகுதோ?" என்று உருத்திரமூர்த்தி ஒவ்வொரு நாளும் கேட்பார். அலோசியஸ் ஒவ்வொரு நாளும் பேசாமல் கிழங்கைக் கொட்டுவான். பதில் சொல்லத் தெரியாத மொக்கன் என்று உருத்திரமூர்த்தி எண்ணிக்கொண்டார். அந்த மொக்கனுக்குத்தான் அந்தக் குசினியில் ஒழுங்காக ஜேர்மன் தெரியும். வெள்ளைக்காரன் எதையாவது சொன்னால் உருத்திரமூர்த்தி முதலில் மூக்கைச் சுளிப்பார், பிறகு அலோசியஸின் முகத்தைப் பார்ப்பார்.

குசினியை நடத்தும் செஃப் சூட்டரை அவர் எள்ளளவும் மதிக்கவில்லை. உப்புப் போடத் தெரியாதவன். ஏரியை மதிக்கவில்லை, அலையே இல்லாத ஏரி என்ன ஏரி. மலைகளைக்கூட மதிக்கவில்லை, லொறி ஏறமுடியாத இடத்தில் நிற்பவை. ஆனால் ஒன்று இருந்தது. ஹோட்டலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அம்றைன் என்ற மனிதர் கார் திருத்தும் கராச் ஒன்று வைத்திருந்தார். சிகரெட் பிடிக்கிற இடைவேளையில் உருத்திரமூர்த்தி அந்தக் கராச்சின் வாசலில் போய் நிற்பார். உள்ளே யாராவது ஓர் எஞ்சினை உறும விட்டால் சிகரெட்டை மறந்துபோவார். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துப்போன தன் விரல்களைப் பார்ப்பார். அந்தக் கராச்சுக்குள் போய் ஒரு ஸ்பானரைப் பிடித்துவிட வேண்டும், இந்தக் கோப்பைச் சனியனிலிருந்து தப்பிவிட வேண்டும் என்று அவர் மனம் கிடந்து தவித்தது. அதற்காக அவர் எதையும் செய்வார். வாய் திறந்து கேட்பதை மட்டும் செய்யமாட்டார்.

கேட்காமலே வந்தது. ஹோட்டலின் பின்முற்றத்துக்கு மரக்கறி கொண்டுவந்த பெரிய வாகனம் ஒருநாள் குப்பைத் தொட்டிகளுக்கும் மதிலுக்கும் நடுவே மாட்டுப்பட்டுப் போயிற்று. அதன் சாரதி வியர்த்துப்போய் நின்றான். உருத்திரமூர்த்தி ஏப்ரனோடு போனார், அவனைக் கையால் விலக்கினார், ஏறினார், ஒரே மூச்சில் பின்னால் எடுத்து ஒழுங்கையில் கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்கினார். "மாட்டு வண்டிக்காரன்" என்று அவனுக்குத் தமிழில் ஒரு பட்டமும் கொடுத்தார். இதைக் கராச் வாசலில் ஊன்றுகோலோடு நின்ற அம்றைன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்றைனின் கால் பனிச்சறுக்கலில் முறிந்து சரியாகப் பொருந்தாமல் கிடந்தது. வருடா வருடம் செப்டெம்பரில் என்ட்லெபூக் பள்ளத்தாக்கில் உள்ளூர் மோட்டார் கழகம் ஒரு கார் ஓட்டப் போட்டி நடத்தும். கிராம றோட்டுகளை அரை நாளுக்கு மறித்துவிட்டு, பாதையை மூன்று பகுதிகளாக்கி, ஒவ்வொரு காராக நிமிட இடைவெளியில் விட்டு, யார் குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஓடுபவர்கள் எல்லாம் தச்சர், பாற்பண்ணைக்காரர், பல்வைத்தியர் என்று சாதாரண சனங்கள். அம்றைன் அதற்காகவே ஒரு பழைய ஓப்பல் காரைத் துண்டு துண்டாகக் கழற்றித் தன் கையால் மறுபடி பூட்டி வைத்திருந்தார். காருக்கு இரண்டு நல்ல கால்கள் வேண்டியிருந்தன.

அலோசியஸ் மொழிபெயர்த்தான்: "அண்ணை, உங்களைக் கார் ஓடட்டாம். நான் பக்கத்தில இருந்து றோட்டு வாசிக்கட்டாம். முதல் பத்துக்குள்ள வந்தால் உங்களைக் கராச்சுக்கு எடுக்கிறாராம். வெளிநாட்டார் பொலிசுக்குத் தானே எழுதி அனுமதி கேக்கிறாராம்."

உருத்திரமூர்த்தி கராச் வாசலை ஒருதரம் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லு" என்றார். யோசிப்பதற்கு அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

சுவிஸ் லைசென்ஸ் எடுக்க ஒரு சோதனை ஓட்டம் ஓட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த சோதனையாளர் ஆளே இல்லாத சந்தியில் கையால் காட்டிச் சிக்னல் போடச் சொன்னார். "ஆருக்குக் காட்ட? அந்தப் பசுமாட்டுக்கோ?" என்று உருத்திரமூர்த்தி தமிழில் கேட்டார். நல்லவேளை, அங்கே அலோசியஸ் இருக்கவில்லை. லைசென்ஸ் கிடைத்தது.

செஃப் சூட்டரும் அதே போட்டியில் ஓடுபவர்தான். சிவப்பு கோல்ஃப், கழுத்தில் வெள்ளைப் பட்டுத்துணி. செய்தி குசினிக்கு வந்தபோது அவர் அகப்பையை நிலத்தில் போடுமளவுக்குச் சிரித்தார். தட்டை உடைக்காமல் கழுவத் தெரியாதவன் காரை உடைக்காமல் ஓடப்போகிறானாம். அலோசியஸ் இதை மொழிபெயர்க்கத் தயங்கினான். உருத்திரமூர்த்திக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்தச் சிரிப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

றோட்டு வாசிப்பது என்பது இதுதான்: முன்கூட்டியே அந்தப் பாதையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொண்டு வந்து, போட்டியன்று பக்கத்தில் இருப்பவன் அடுத்து வருவதை உரத்துச் சொல்ல வேண்டும். சுவிஸ்காரர்கள் வளைவுகளுக்கு இலக்கம் போடுவார்கள். ஒன்று என்றால் இறுக்கம், ஐந்து என்றால் நீளம். அம்றைன் அதை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்.

"எனக்கு இலக்கம் வேண்டாம். நான் என்ன லொத்தர் சீட்டு விக்கிறனோ?" என்றார் உருத்திரமூர்த்தி. "றோட்டெண்டால் அதுக்கு இடமிருக்கு, பேரிருக்கு. எங்கடை கொண்டக்ரர் எப்பிடிக் கத்துவான்? சந்தியடி, புளியடி, பள்ளிக்கூடத்தடி. அதைக் கேட்டால் காலுக்குத் தானே தெரியும் என்ன செய்யிறதெண்டு. அப்பிடி எழுது."

அப்படியே எழுதினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்றைனின் கராச் வான் வண்டியில் என்ட்லெபூக்குக்குப் போய்ப் பாலத்தடி, பட்டியடி, மரம் அரிகிற இடத்துக்கு மரக்காலையடி என்று அந்த மலைப்பாதை முழுவதற்கும் பெயர் வைத்தார்கள். பரம்பரை பரம்பரையாக அங்கே இருந்த மாடுகளுக்குத் தெரியாமலே அந்தப் பள்ளத்தாக்கு யாழ்ப்பாணத்து பஸ் பாதை ஆகிவிட்டது.

கடைசிப் பகுதியின் பாதிவழியில், பைன் மரக்காட்டுக்கு நடுவே, இடது வளைவில் ஒரு சின்ன வெள்ளைக் கோயில் இருந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கமுடியாத அளவு. இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு மாதா, அவருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. அதற்கு அலோசியஸ் "கோயிலடி" என்று எழுதினான். வேறு எப்படி எழுதுவது?

முதல் ஞாயிறு அந்த இடத்தில் உருத்திரமூர்த்தி வானை நிறுத்தினார். ரயரில் காற்றுக் குறைந்தமாதிரி இருக்கிறதாம். இறங்கி ஒரு ரயரை உதைத்துவிட்டு, கோயில் பக்கமாகச் சற்று நின்றுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அவருக்கு மூத்திரம் முட்டியது. அதற்கடுத்த ஞாயிறு கண்ணாடி துடைக்க வேண்டியிருந்தது. கண்ணாடி பளிங்குமாதிரித்தான் இருந்தது. அலோசியஸ் ஒவ்வொரு முறையும் சீற்றில் இருந்தபடி சிலுவை போட்டு, வாய்க்குள் ஒரு செபம் சொன்னான்.

"மாதா வந்து ஸ்ரியறிங் பிடிப்பாவோ?" என்று ஏறும்போது உருத்திரமூர்த்தி கேட்டார்.

"பிடிக்கமாட்டா அண்ணை. நீங்கள் இருக்கிறியள்தானே" என்றான் அலோசியஸ். அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அது உருத்திரமூர்த்திக்குப் பிடிக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. சனிக்கிழமை. கிராமத்துச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. தச்சர்களும் பல்வைத்தியர்களும் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடம்பெல்லாம் மூடிய ஒரே உடுப்பை மாட்டிக்கொண்டு, கையைக் காலை உதறி, கழுத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஸ்ரியறிங் திருப்பிப் பழகினான். சனங்கள் சொசேஜ் தின்றபடி மாட்டு மணிகளை ஆட்டின. உருத்திரமூர்த்தி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உவங்கள் என்ன, கலியாணத்துக்கு வந்த நாதஸ்வரக் கோஷ்டி மாதிரி?" என்றார். பிறகு அம்றைன் நீட்டிய ஹெல்மெற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இந்தச் சட்டியைக் கவிழ்க்காட்டி ஓட ஏலாதோ?"

"ஏலாதாம் அண்ணை."

கவிழ்த்தார்.

சொல்லத்தான் வேண்டும், மனிதர் ஓடினார். வாய்வீச்சு எல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஸ்ரியறிங் கையில் வந்ததும் உருத்திரமூர்த்தி வேறொரு ஆள். தேவையில்லாமல் ஒரு அசைவு இல்லை. அலோசியஸ் "பாலத்தடி!" என்று கத்துவான், கை பாலத்துக்கு முன்பே திரும்பத் தொடங்கியிருக்கும். "பட்டியடி, சேறு!" என்பான்; கார் சேற்றின் விளிம்பில் வழுக்கி, சேறு படாமல் வெளியே வரும். மழையில், பள்ளத்தில், அச்சு முறியப் பாரம் ஏற்றிய லொறியை நித்திரை முழித்து ஓட்டிய கைகள் அவை. இந்த ஓப்பல் அவற்றுக்கு விளையாட்டுச் சாமான். அலோசியஸ் பயத்தில் ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதையும் மீறி அவன் சந்தோஷமாக இருந்தான்.

இரண்டு பகுதிகள் முடிந்து எல்லாரும் கீழே வந்ததும் சாப்பாட்டுக் கடைச் சுவரில் நேரங்களை எழுதி ஒட்டினார்கள். அவர்கள் ஐந்தாவது. செஃப் சூட்டர் எட்டாவது. சூட்டர் பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். பட்டுத்துணியைக் கழற்றி மறுபடி கட்டினார்.

அம்றைன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து உருத்திரமூர்த்தியை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"உங்களுக்கு எந்தச் சைஸ் ஓவரோல் வேணுமாம். திங்கக்கிழமை வாங்கி வைக்கிறாராம்."

உருத்திரமூர்த்தி வாயைத் திறந்தார். இகழ்வதற்கு ஏதாவது கிடைக்கும் என்று சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மலை நன்றாகத்தான் இருந்தது. சொசேஜ் வாசம்கூட நன்றாகத்தான் இருந்தது. "நடுத்தரம் எண்டு சொல்லு" என்றார்.

கடைசிப் பகுதி மட்டும் மிச்சம். பத்துக்குள் வந்தால் போதும். அக்சிலேற்றரில் காலைத் தளர்த்தி மெதுவாகப் போனாலும் வந்துவிடலாம். ஆனால் மெதுவாகப் போகிற எண்ணம் அவருக்கு இல்லை. உப்புப் போடத் தெரியாதவனுக்கு ஓடிக்காட்ட வேண்டும்.

மரக்காலையடி போயிற்று. வாய்க்காலடி போயிற்று. கார் பைன் காட்டுக்குள் நுழைந்தது. வெளிச்சம் சட்டென்று குறைந்தது. இரண்டு பக்கமும் இருண்ட மரம், நடுவே தனித்த ஒரு றோட்டு. அலோசியஸ் தாளைப் பார்த்துக் கத்தினான்:

"கோயிலடி!"

உருத்திரமூர்த்தியின் கால் பிறேக்கில் போனது. அவர் அதைப் போடவில்லை, அது போனது. கார் ஒழுங்காக, எந்த அவசரமும் இல்லாமல், றோட்டின் இடது ஓரமாக, கோயிலுக்கு நேரே போய் நின்றது. ஒரு பாரமேற்றிய லொறியை நிறுத்துகிற மாதிரி. அவருடைய கை பெல்றைக் கழற்றியது. கதவைப் பாதி திறந்தது. பிறகு இரண்டு கைகளும் மார்புக்குக் குறுக்கே மாறி மேலே போயின.

டொக், டொக், டொக்.

ஹெல்மெற்றுக்கு மேலே, இரண்டு பக்கமும், மடக்கிய விரல் முட்டிகளால் அவர் குட்டிக் கும்பிட்டார். கம்பிக்குப் பின்னால் மாதா சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை!" அலோசியஸ் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணை, என்ன செய்யிறியள்? ஓட்டமெல்லே! விடுங்கோ, விடுங்கோ!"

உருத்திரமூர்த்தி திடுக்கிட்டார். அவசரத்தில் கிளச்சிலிருந்து காலை எடுத்தார். கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோயிற்று. கார்த் திறப்பைத் திருப்பினார், எஞ்சின் இருமியது. மறுபடி திருப்பினார், பெற்றோல் மணம் மட்டும் வந்தது. யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று எண்ணி, வளைவில் காவலுக்கு விட்டிருந்த கமக்காரன் ஒருவன் மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு தமிழர்கள், இரத்தமில்லை, முறிவில்லை. ஒருவன் அழப்போகிறவன் மாதிரி, மற்றவன் கல்லு மாதிரி. அந்த நேரம் பின்னாலிருந்து சிவப்பு கோல்ஃப் வந்தது. கொடியைக் கண்டு வேகத்தைக் குறைத்து, அவர்களைக் கடந்து போனது. சூட்டர் ஜன்னலால் கையை வெளியே போட்டு, கோப்பை கழுவுகிற மாதிரி வட்டமாகச் சுழற்றிக் காட்டிக்கொண்டு போனார்.

ஓப்பல் கிளம்பியபோது இன்னுமொரு காரும் போய்விட்டிருந்தது. மேலே போய்ச் சேரும்வரை அலோசியஸ் றோட்டு வாசித்தான். அடுத்த கோயில் எதுவும் வரவில்லை.

அவர்கள் பட்டியலின் அடியில் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, பள்ளத்துக்குள் விழுந்த பல்வைத்தியர் மட்டும்.

கிராமத்துக்குத் திரும்பி வந்தபோது அம்றைன் காத்துக்கொண்டு நின்றார். அவர் கோபப்படவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

"பிறேக் இறுகிப்போச்சு எண்டு சொல்லு" என்றார் உருத்திரமூர்த்தி.

அலோசியஸ் அவரைப் பார்த்தான்.

"சொல்லடா!"

சொன்னான். அம்றைன் ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவிட்டு, நொண்டி நொண்டி நான்கு சில்லுகளிலும் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார். அலோசியஸைத் தள்ளச் சொன்னார். ஒரு விரலால் தள்ளியதுபோல் கார் உருண்டது. எந்த இடத்தில் இறுகியது என்று கேட்டார். அலோசியஸ் இடத்தைச் சொன்னான். அம்றைன் நிமிர்ந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். பிறகு பேசியது நீளமாக இருந்தது. அலோசியஸ் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னான்.

"அண்ணை, இவரின்ரை தேப்பன் அந்தப் பாதையால பால் வண்டி ஓட்டினவராம். அந்தக் கோயிலடியில ஒருநாளும் நிக்காமல் போகேல்லையாம். தொப்பியைக் கழட்டிப்போட்டுத்தான் போவாராம். மழை பெய்தாலும் நிப்பாராம். தானும் சின்னனில பக்கத்தில இருந்து பாத்தவராம். ஒருத்தன் அதுக்காண்டி அதில நிண்டிருந்தால் தனக்கு விளங்குமாம். பத்தாவதோ இருபதாவதோ எண்டு பிறகு தான் பாத்திருக்கமாட்டாராம்." அலோசியஸ் ஓப்பலின் சில்லைப் பார்த்தான். "ஆனால் பிறேக் எண்டு சொன்னால் தனக்கு விளங்கேல்லையாம். அந்த பிறேக்கைத் தன்ரை கையால பூட்டினவராம்."

அம்றைன் உருத்திரமூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். உள்ளே போக ஓர் எட்டு.

"அண்ணை" என்றான் அலோசியஸ், குரலைத் தாழ்த்தி. "இப்பவும் சொல்லலாம். நான் வடிவாச் சொல்லுவன்."

சொல்லத்தான் உருத்திரமூர்த்திக்கு ஆசையாக இருந்தது. நடுத்தர ஓவரோல், நீல நிறமாக இருக்கும், நெஞ்சில் பை இருக்கும். முறிகண்டியில் அவர் ஒவ்வொரு பயணமும் நின்றவர்தான். கிளீனர்ப் பெடியன் அழுததில்லை. தேங்காயைக்கூட இவர்தான் உடைப்பார், அவன் சிதற அடிக்கத் தெரியாதவன் என்று. அதைச் சொன்னால் போதும். ஆனால் அதை அலோசியஸின் வாயால் சொல்ல வேண்டும். கிழங்குக்குச் சிலுவை போடுகிறவனின் வாயால். பிறகு இன்று பின்னேரம் அந்தச் சாய்வான கூரைக்குக் கீழே படுக்க வேண்டும், கோழையள் என்று தான் சொன்ன அதே கட்டிலில் இருந்துகொண்டு. மோட்டார் கழகத்தின் கொடிகள் காற்றில் படபடத்தன. அவருக்கு எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. அம்றைனின் தகப்பன்மேல், அவருடைய தொப்பிமேல், இந்தத் துக்கடாக் கோயில்மேல்.

"பிறேக்தான்" என்றார். "பிறேக் எண்டால் பிறேக். சொல்லு."

அலோசியஸ் சொன்னான். அம்றைன் தலையாட்டினார். கார்த் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

லுசேர்ணுக்கு ரயிலில் வந்தார்கள். வழியில் உருத்திரமூர்த்தி ஒருமுறை வாயைத் திறந்தார். நீ கோயிலடி என்று கத்தினபடியால்தான் எல்லாம் வந்தது என்று சொல்ல வெளிக்கிட்டார். அதைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகிவிடும் என்று பாதியில் தெரிந்தது. மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாராவது காரை மோசமாக ஓட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கதையைச் சொன்னார். ஐந்தாவதாக ஓடியது, சூட்டர் பட்டுத்துணியைப் பிடுங்கியது, பிறகு அந்தப் பழைய தகரத்தின் பிறேக் இறுகியது. "வெள்ளைக்காரன்ரை பூட்டு வேலை! எங்கடை ஊர்ச் சைக்கிள் கடைக்காரன் நல்லாப் பூட்டுவான்." எல்லாரும் அலோசியஸின் பக்கம் திரும்பினார்கள்.

"ஓம்" என்றான் அலோசியஸ். "பிறேக்தான்."

அவன் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் உருத்திரமூர்த்தி தாங்கியிருப்பார். இகழ்ச்சி அவருக்குப் பழகிய சாமான். கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும். அவன் இரக்கப்பட்டுச் சொன்னான். அதுதான் சுட்டது.

திங்கட்கிழமை காலை கோப்பைகள் மலைபோல் வந்து குவிந்தன. செஃப் சூட்டர் ஏழாவதாக வந்திருந்தார். ஏழாவதுக்கும் அந்த ஊரில் ஒரு கிண்ணம் கொடுப்பார்கள் போலும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நண்பர்களோடு அதில் வைன் ஊற்றிக் குடித்துவிட்டு, இப்போது விசில் அடித்துக்கொண்டு கொண்டுவந்து உருத்திரமூர்த்தியின் தொட்டிக்குள் போட்டார். கழுவி, துடைத்து, மினுக்கித் தர வேண்டுமாம். அலோசியஸ் மொழிபெயர்க்க முதலே அது விளங்கிவிட்டது.

உருத்திரமூர்த்தி கழுவினார். நன்றாகத்தான் கழுவினார். துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெள்ளியாம்! வெறும் தகரம். சத்தத்திலயே தெரியும்."

காட்டுவதற்காக அதைக் கவிழ்த்து வைத்து விரல் முட்டிகளால் தட்டினார்.

டொக், டொக், டொக்.

அடுத்த தொட்டியில் பானை தேய்த்துக்கொண்டிருந்த அலோசியஸ் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். உருத்திரமூர்த்தியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் கிண்ணத்தை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த கோப்பையை எடுத்தார்.